காவல் இல்லாத பக்கம்

— அந்தக் குதிரையை ஏங்க அவ்வளவு தூரம் கொண்டுபோறீங்க? இங்க உங்க ராஜா தனியா நிக்கிறான்.

— நிக்கட்டும் தாயே. உன் சிப்பாய் ஒண்ணு சும்மா கிடக்குது, வெட்டிட்டு வந்துடுறேன்.

— இன்னொரு தடவை பாத்துக்கோங்க.

— இருபது வருஷமா பஸ் ஓட்டுறவனுக்குப் பாக்கத் தெரியாதா? வெட்டியாச்சு. ஆடு.

— அப்ப ராணி இங்க. செக்.

— அட, ராஜா பக்கத்துலயே கொண்டுவந்து வெச்சுட்டியே! அவனே வெட்டிடுவான்.

— வெட்ட முடியாது. பின்னால யானை நிக்குது.

— எந்த யானை?

— ஓரத்துல. உங்க இடது கைப் பக்கம். தலையைத் திருப்பிப் பாருங்க.

— அடடே, இது எப்ப வந்துச்சு?

— நீங்க ஆறு காய் நகர்த்திட்டீங்க. அதுக்கு முன்னாலருந்தே அங்கதான் நிக்குது.

— சரி, தோத்தேன். நாலு நாளா நீதான் ஜெயிக்கிற. நமக்குக் கல்யாணம் ஆனதுலருந்து ரெண்டே தடவை ஜெயிச்சவ! எனக்குத் தெரியாம யார்கிட்டயாவது கத்துக்கிறியா?

— இல்லங்க. முதல் நாள் ஏதோ தற்செயலா ஜெயிச்சேன். அப்புறம் மூணு நாளும் வேணும்னேதான் அந்தப் பக்கமா வந்தேன். வலது பக்கம் வந்தா உடனே தடுத்துடுறீங்க. இடது பக்கம் கதவே இல்லாத வீடு மாதிரி கிடக்குது.

— மனசு சரியில்ல தாயே, அவ்வளவுதான். உனக்குத் தெரியாததா? கண்ணை மூடினா அந்தத் தபால்காரர்தான் வர்றார். என் பஸ்ல அடிபட்டு அவர் செத்து ரெண்டு மாசமாச்சு.

— தெரியும்ங்க.

— விசாரணையிலயே என் மேல தப்பில்லன்னுட்டாங்க. திங்கக்கிழமை வந்து வண்டியை எடுன்னு டிப்போவுல சொல்லியாச்சு. ஸ்டியரிங்கைப் பிடிச்சேன்னா எல்லாம் சரியாயிடும்.

— இடது கன்னத்தைத் தடவிப் பாருங்க.

— என்ன, சோப்பு ஒட்டியிருக்கா?

— அந்தப் பக்கம் சவரமே பண்ணல. சாப்பிடுறப்ப தட்டுல இடது பாதி அப்படியே இருக்குது. நான் தட்டைத் திருப்பி வெச்சா அதையும் சாப்பிடுறீங்க.

— வீட்டுக்குள்ளயே வேவு பாக்கிறியா?

— நான் காலர் தைக்கிறவ. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கான்னு பாத்துப் பாத்துப் பழகின கண்ணு. கொஞ்சம் என் மூக்கையே பாருங்க. கண்ணை அசைக்கக் கூடாது. எத்தனை கை தூக்கியிருக்கேன்?

— ஒண்ணு. இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு?

— ரெண்டு கையையும் தூக்கியிருக்கேங்க.

— விளையாடாத.

— இப்பத் தலையைத் திருப்புங்க. பாத்தீங்களா?

— பாத்தேன். கையை இறக்கு. மூணு நாளாத் தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லல?

— பயம். இன்னைக்காவது அந்த யானையைப் பாத்துடுங்கன்னு மனசுக்குள்ள கெஞ்சிக்கிட்டேதான் ஆடினேன். நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி போறோம். நான் லீவு சொல்லிட்டேன்.

— எப்பருந்து இப்படி?

— சரியாத் தெரியல. தலைவலின்னு மாத்திரை போட ஆரம்பிச்சீங்களே, அப்பருந்தோ என்னவோ.

— தலைவலி வந்தது அதுக்கும் முன்னால. விபத்துக்கு முன்னால.

— வேணாங்க. இப்ப அதை யோசிக்காதீங்க.

— ஸ்டாப்புக்காக வண்டியை இடது பக்கம் ஒதுக்கினேன். அங்க ஒருத்தரும் இல்ல. சத்தியமா இல்ல. அடுத்த நிமிஷம் சைக்கிளோட வண்டிக்கு அடியில கிடக்கிறார். குறுக்க வந்து விழுந்துட்டார்னு எழுதிக் கொடுத்தேன்.

— உங்களுக்குத் தெரிஞ்சதைத்தானே எழுதினீங்க. பொய் எழுதலையே.

— அப்படின்னா அவர் சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நின்னிருக்கார். பஸ் போகட்டும்னு நின்னிருக்கார்.

— எந்திரிக்காதீங்க. உக்காருங்க.

— விசாரணை முடிஞ்சு வெளிய வந்தேன். வராந்தாவுல அவர் சம்சாரம் உக்காந்திருந்துச்சு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. "அவர் எப்பவுமே அவசரக்காரர்தாங்க. அவரால உங்களுக்கு எவ்வளவு கஷ்டம், மன்னிச்சுக்கோங்க"ன்னு சொல்லிச்சு. நானும், "பரவாயில்லம்மா"ன்னு சொல்லிட்டு வந்தேன்.