வாசலில் நிற்கும் ரத்தக்காட்டேரி

சத்தியவேட்டிலிருந்து கிளம்பும் கம்பெனி பஸ். என் முன்சீட்டில் சீருடை போட்ட இரண்டு பெண்கள், ஒரே போனில் காமிக்ஸ் படித்துக்கொண்டு வந்தார்கள். ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் ஒரு பெண்ணின் கதை.

“எனக்கு அந்த ரத்தம் குடிக்கிறவனத்தாண்டி புடிச்சிக்கீது,” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

“அய்யே! கூட வேட்டைக்குப் போறவனுக்கு இன்னாடி கொறச்சல்? அவளையே சுத்திக்கினு கீறான்.”

“அவன் கேக்காமயே ஊட்டுக்குள்ள பூந்துர்றான். காட்டேரி பாரு, அவ ‘உள்ள வா’ன்னு சொல்லாங்காட்டி வாசப்படி தாண்ட மாட்டான். அது அவங்க ரூலாம்.”

தோழி சிரித்தாள். “உங்க அத்தை மவனத்தான சொல்ற?”

“முறை மாப்பிள்ளையாம். நேரா அடுப்பாண்ட வந்து குந்திக்கினு சோறு போடுன்றான். என்னைக் கட்டிக்கிறியான்னு இன்னி வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல.”

“நம்ம லைன்ல வேலை செய்யிற பையன்?”

“தெருமுனை வரைக்கும் கூட வருவான். அங்கயே நின்னுருவான்.”

கம்பெனி கேட் வந்தது. இருவரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

“இன்னாடி பண்ணப் போற?”

“நைனாவாண்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம அவன உள்ள கூப்புடப் போறேன்.”