டென்னிஸ் தளத்துக் குளமும் சின்னையன் கட்டிய வாய்க்காலும்

என் பேச்சு எவ்வளவு நீளுமோ என்ற கவலையை முகத்தில் காட்டாமல் தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் நீச்சல்குளக் குழுத் தலைவர் ஐயா ராமசாமி அவர்களே, முன்வரிசையில் கம்பளி போர்த்தி வீற்றிருக்கும் பெரியோர்களே, சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் கடந்து வந்திருக்கும் பொறியாளர் அவர்களே, கடையைப் பாதி அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, கிளியூரிலிருந்தும் கொட்டச்சேட்டிலிருந்தும் ஒற்றை விடுமுறை நாளையும் எங்களுக்காகத் தந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலின் குளிரில் என் வெதுவெதுப்பான வணக்கம்.

நான் பதிலோடு வரவில்லை. ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். நம் மலையில் ஏரி இருக்கிறது. அருவி இருக்கிறது. பாறைக்குப் பாறை ஊற்று இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் வானமே இறங்கி வந்து நம் வாசலில் உட்கார்ந்துகொள்கிறது. இத்தனை தண்ணீருக்கு நடுவே பிறந்த நம்மில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள், பார்ப்போம். இரண்டு. மூன்று. ஜவுளிக்கடை மஜீத் பாய் அவர்களே, படகில் போவதை நீச்சலில் சேர்க்க முடியாது. கையை இறக்கிவிடுங்கள்.

ஏன் தெரியவில்லை? தண்ணீர் இல்லாத ஊர்க்காரர்கள் கிணற்றில் குதித்துக் கற்றுக்கொள்கிறார்கள். தண்ணீரிலேயே வாழும் நாம் கரையிலேயே நிற்கிறோம். இது ஏன் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். நீந்துவதற்கு ஆழம் வேண்டும் என்று நினைத்தேன், துணிச்சல் வேண்டும் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை, வேறு ஒன்று வேண்டும். அதை எனக்குக் காட்டியது ஒரு தவறு. அந்தத் தவறைத்தான் இன்று இடிப்பதா, விடுவதா என்று இந்தக் கூட்டம் முடிவு செய்யப் போகிறது.

கண்ணம்மாளை உங்களுக்குத் தெரியும். கிளியூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் காபி பறிப்பவர். போன மழைக்காலத்தில் அவருடைய மகள் ஏரிக்கரையில் புல் அறுக்கும்போது வழுக்கி விழுந்தாள். சுற்றுலா வந்த யாரோ ஒருவர் குதித்துத் தூக்கினார். பிள்ளை பிழைத்தது. எல்லோரும் சாமிக்கு நன்றி சொன்னோம். கண்ணம்மாள் மட்டும் சொல்லவில்லை. அவர் என்னிடம் வந்து சொன்னது இது:

"புள்ள தண்ணியில போகுதுங்க டீச்சர். நானு கரையில நின்னு கத்துறேன். கத்துனா தண்ணிக்குக் கேக்குமுங்களா? எனக்கு நீந்தக் கத்துக் குடுங்க."

எனக்கே தெரியாததை நான் எங்கே கற்றுக் கொடுப்பது? ஆனால் அந்தக் கேள்விதான் நம்மைக் கூட்டியது. தோட்டத் துரைமார்கள் ஆடிவிட்டுப் போன டென்னிஸ் தளம் ஒன்று நம் ஊர் நடுவிலேயே கிடந்தது. பந்து பார்த்துப் பல வருடமான தளம். ஆடு மேய்ந்தது, மழைநீர் தேங்கியது. ஆள் இல்லாத ஆட்டக்களம் ஏன் ஊரார் இறங்கும் நீர்க்களம் ஆகக்கூடாது என்று கேட்டோம். கேட்டதும் குழு வந்தது, குழுவோடு கல் வந்தது, கல்லோடு மேஸ்திரி சின்னையன் வந்தார்.

சின்னையன் அண்ணன் இந்த மலையில் காபி கழுவும் தொட்டி கட்டாத எஸ்டேட் இல்லை. பொறியாளர் ஐயா படம் போட்டுக் கொடுத்துவிட்டுச் சேலம் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால், படத்தில் இல்லாத ஒன்று குளத்தில் இருந்தது. ஒரு பக்கச் சுவரை ஒட்டி, முழங்கால் ஆழத்தில், நீளமாக ஒரு வாய்க்கால். அதற்கு உள்பக்கம் ஒரு குட்டைச் சுவர். அதைத் தாண்டினால்தான் குளத்தின் ஆழம்.

"ஏனுங்க சின்னையன், இதென்ன?" என்று கேட்டார் தலைவர்.

"வாய்க்காலுங்க."

"அது தெரியுது. எதுக்கு?"

"தொட்டின்னு சொன்னீங்க. தொட்டின்னா வாய்க்கா இல்லாம எப்படிங்க? பொம்பளைங்க எங்க நிப்பாங்க?"

சிரித்தோம். நானும் சிரித்தேன். அதோ, சின்னையன் அண்ணன் தலையைக் குனிந்துகொள்கிறார். குனியாதீர்கள் அண்ணா. பெண்கள் நின்று காபிக் கொட்டை கழுவ வாய்க்கால் விட்டே தொட்டி கட்டிய பழக்கத்தில் கை தானாகக் கட்டியது. "நானே உடைச்சுத் தந்துடறேனுங்க" என்று அன்றைக்கே கடப்பாரையோடு வந்தார். மழை பிடித்துக்கொண்டது, வேலை தள்ளிப்போனது. அதற்குள் தண்ணீர் நிரப்பிப் பார்த்துவிடலாம் என்றார்கள்.

பெண்களுக்கு ஞாயிறு பிற்பகல் என்று ஒதுக்கினோம். மஜீத் பாயின் மகள் அமீனா காபிச் சாக்குகளைத் தைத்துச் சுற்றிலும் மறைப்புக் கட்டினாள். கடலோரத்தில் வளர்ந்த நர்ஸ் இன்பமேரி கற்றுக்கொடுக்க முன்வந்தார். எல்லாம் தயார். பெண்கள் வந்தார்கள், பார்த்தார்கள், கரையிலேயே நின்றார்கள். ஆழமான பக்கம் ஒருத்தியும் போகவில்லை. இன்பமேரி கெஞ்சினார், கொஞ்சினார், கடைசியில் கோபித்துக்கொண்டார். அப்போது கண்ணம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யாரையும் கேட்காமல், அந்த வாய்க்காலில் இறங்கினார்.

ஏன் தெரியுமா? அந்த இடம் அவர் காலுக்குத் தெரியும். எத்தனை காபிப் பருவம் அந்த ஆழத்தில் நின்று கொட்டை கழுவியிருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, வரிசையாக, எஸ்டேட்டில் நிற்பது போலவே. "கொட்டையும் அதைத் தள்ளுற துடுப்பும் மட்டும்தாங்க குறைச்சல், எஸ்டேட்டு ரைட்டர் எங்க, வேலைக்கு வந்ததா பேர் போடச் சொல்லுங்க" என்றார் கொட்டச்சேட்டு வெள்ளையம்மாள். சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே குட்டைச் சுவரைப் பிடித்தார்கள். பிடித்தபடியே காலைத் தூக்கினார்கள். காபியை மிதித்துக் கழுவும் அதே கால்கள், அதே தாளம். இன்பமேரி என்னைத் திரும்பிப் பார்த்து, "டீச்சர், இதைச் சொல்லிக் குடுக்கத்தான் நான் ஒரு மாசம் ஆகும்னு நெனச்சேன்" என்றார்.

எனக்குப் பதில் கிடைத்தது. நீந்துவதற்கு முதலில் வேண்டியது நிற்பதற்கு ஓர் இடம். நமக்கு ஏரி இருந்தது, நிற்க இடம் இல்லை. அருவி இருந்தது, நிற்க இடம் இல்லை. ஆழம் எல்லா இடத்திலும் இருந்தது, ஆழத்துக்குப் போகும் வழிதான் இல்லை.

இப்போது கோடை விழாவுக்கு நீச்சல் போட்டி நடத்த வருகிறார்கள். அகலம் போதவில்லை, வாய்க்காலை உடைத்துத் தாருங்கள் என்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான். போட்டி நம் ஊருக்குப் பெருமைதான். ஆனால் போட்டி எத்தனை நாள் நடக்கும்? மீதி நாட்களெல்லாம் அந்தக் குளம் யாருக்கு? ஏற்கனவே நீந்தத் தெரிந்தவருக்கா, இனிமேல் நீந்தப் போகிறவருக்கா? வாய்க்காலை உடைத்தால் இழப்பது கல்லும் சுண்ணாம்பும் என்றால் உடையுங்கள். இழப்பது கண்ணம்மாள் போன்றவர்கள் என்றால், ஐயா, யோசித்து உடையுங்கள்.

தலைவர் ஐயா ஏதோ சொல்ல வருகிறார். மைக்கைத் தருகிறேன்.

"இல்லீங்க டீச்சர், போட்டிக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

நீந்தும் தடத்தில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு நீந்தச் சொல்லுங்கள் ஐயா. அவர்கள் கெட்டிக்காரர்கள், நீந்திவிடுவார்கள்.

அதோ, பின்னாலிருந்து ஒருவர் "உடைக்கக்கூடாதுங்க" என்கிறார். கடை வாசலில் நிற்கும் பெரியவர் தலையாட்டுகிறார். மஜீத் பாய் மறுபடியும் கையைத் தூக்குகிறார், இந்த முறை சேர்த்துக்கொள்கிறேன். ஐயா, தலையசைத்தால் போதாது, எல்லோர் காதிலும் விழட்டும்.

"சரிங்க. வாய்க்கா இருக்கட்டும். சின்னையா, கடப்பாரைய ஊட்டுக்கு எடுத்துட்டுப் போ."

நன்றி ஐயா. நொம்ப நன்றிங்க.

இந்த முடிவைக் கேட்க வேண்டியவர் எங்கே என்று சிலர் திரும்பித் திரும்பிப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. கண்ணம்மாள் வரவில்லை. காலையில் நான் போய்க் கூப்பிட்டேன். "நீங்க பேசுங்க டீச்சர். ஞாயித்துக்கிழமை எங்க முறைங்க. நாளைக்கே உடைக்கறதா இருந்தாலும், அதுக்குள்ள சுவத்தை விட்டுட்டு ஒருக்கா அந்தப் பக்கம் போயிடணும்" என்றார்.

நாம் இங்கே வாக்குவாதம் செய்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில், பக்கத்துச் சாக்கு மறைப்புக்கு அந்தப்புறம், இன்பமேரி கூடவே வர, அவர் சுவரை விட்டிருப்பார்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், அவைத் தலைவருக்கும், மேஸ்திரி சின்னையன் அண்ணனுக்கும் என் நன்றி. பெண்களின் நேரம் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது. தாய்மார்களே, கைக்குழந்தைகளை அப்பாமார்களிடம் கொடுத்துவிட்டு என்னோடு வாருங்கள். எல்லோருக்கும் வணக்கம், நான் குளத்துக்குப் போகிறேன்.