சூளை ரோட்டுல நேராப் போங்க

– தலையை ஆட்டாத மாப்ள. கத்தி உன் கழுத்துல இருக்கு, ரோட்டுல இல்ல.

– நான் எங்க ஆட்டறேன் மச்சான்? அந்த ஹாரன் சத்தத்துக்கு அதுவா ஆடுது. காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சானுங்க. இப்ப மணி என்ன?

– பன்னெண்டாகப் போகுது.

– பாரு. ஒரு லாரி தண்ணி, ஒரே ஒரு நடை, அதைக் கொண்டுபோய் இறக்கிட்டு வர எனக்கு மூணரை மணி நேரம். எங்க இறக்கினேன்? கடற்கரை லாட்ஜுல. சீசனுக்கு ஊர் சுத்த வந்த அந்தத் தொப்பிங்க ஒரு நாளைக்கு ரெண்டு வேளை குளிக்கணுமாம். நம்ம வீட்டுக் குழாயைத் திறந்தா முந்தாநாள்லேருந்து வெறும் காத்து வருது.

– உங்கக்காவும் காலையிலேருந்து அதைத்தான் பாடிக்கிட்டு இருக்கா. மேலுதட்டை உள்ள இழு.

– ம்.

– இழுத்துட்டுப் பேசாம இரு.

– எப்படிப் பேசாம இருக்கறது? அவன் ஊர்ல குளிருதாம். குளிருனா போர்த்திக்கிட்டுப் படு! அதுக்கு எங்க ஊருக்கு வந்து, நடுரோட்டுல நின்னு, "ஆகா என்ன வெயிலு, ஆகா என்ன வெயிலு"ன்னு மூஞ்சியைத் தூக்கிக் காட்டணுமா? வருஷம் பூரா வேகறது நாங்க. பதமான வெயில் அடிக்கற மூணு மாசம் மட்டும் அவனுக்கு. அதை எவன் எழுதிக் கொடுத்தான்?

– எனக்கும் எந்தப் பிரயோசனமும் இல்ல மாப்ள. உள்ள வர்றான். கண்ணாடியைப் பார்க்கறான். "பழைய நாற்காலி, அழகா இருக்கு"ன்னு அதுல உட்கார்ந்து ஒரு போட்டோ. எழுந்து போயிடறான். முடி வெட்டிக்கிட்டா ஊருக்குத் திரும்பிப் போறப்ப குளிருமாம்.

– போகவே வேண்டாம்னு இருக்கானோ என்னவோ.

– சிரிக்காத, வெட்டிடும்... ஆமா, உங்கப்பா ஏன் இன்னும் காணோம்? பதினொண்ணரைக்கு வர்றேன்னார். அந்த மனுஷன் அஞ்சு நிமிஷம் பிந்தி நான் பார்த்ததில்ல.

– இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினவராச்சே. நடந்து வந்தாலும் டைம் கீப்பர் நிக்கற மாதிரிதான் வருவார். இரு, அடிச்சுப் பார்க்கறேன்... மணி போகுது. எடுக்கல.

– சட்டைப் பையில இருந்தா அவருக்குக் கேக்காது.

– இந்த ரோட்டைத் தாண்டறதுக்கு நின்னுக்கிட்டு இருப்பார். ஒரு தொப்பியாவது வண்டியை நிறுத்தி ஒரு கிழவனுக்கு வழி விடுவானா? நாளைக்கு டாக்டரைப் பார்க்கணும், அதுக்கு முன்னாடி முடி வெட்டியே தீரணும்னு ஒத்தைக் கால்ல நின்னார். டாக்டர் உங்க ரத்தக் கொதிப்பைப் பார்க்கப் போறாரா, கிராப்பைப் பார்க்கப் போறாரான்னு கேட்டேன்.

– என்ன சொன்னார்?

– "ரெண்டும் ஒழுங்கா இருக்கணும்டா"ன்னார். இப்ப வாய் கொஞ்சம் தெளிவாயிருக்கு அவருக்கு. அந்த இடது கைதான் இன்னும் சொன்னபடி கேக்கல. போன சீசன்ல மட்டும்...

– ஆரம்பிச்சுட்டியா. நூறு தடவை சொல்லிட்டே மாப்ள.

– நூத்தியொண்ணாவது தடவையும் சொல்வேன். உன் கடைக்குப் பக்கத்துல இருக்கற இதே ஐஸ் பேக்டரி சந்து. அதுல புகுந்தா ஆஸ்பத்திரி நாலு நிமிஷம். அன்னிக்கு அதுல பதினேழு கார் நிறுத்தி வச்சிருந்தானுங்க. நான்தான் எண்ணினேன். ஆம்புலன்ஸ்காரன் சந்து வாயில நின்னுக்கிட்டு ஹாரன் அடிக்கறான், எவனும் வரல. எல்லாரும் கடல்ல கால் நனைக்கப் போயிட்டான். நாப்பது நிமிஷம், மச்சான். எங்கப்பா வாய் கோணிக்கிட்டுப் படுத்திருக்கார், நான் ஒவ்வொரு கார் கண்ணாடியா தட்டிக்கிட்டு ஓடறேன்.

– தெரியும்டா. நானும்தானே கூட ஓடினேன்.

– டாக்டர் என்ன சொன்னார்? இன்னொரு தடவை வந்தா அரை மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்துடணும், அதைத் தாண்டினா நான் கையை விரிக்கத்தான் வேண்டியிருக்கும்னார். அதுக்குத்தான் சந்து வாயில ரெண்டு ட்ரம் வச்சோம். அந்தச் சந்து காலியாவே இருக்கணும். எவனுக்காகவும் திறக்கக் கூடாது.

– ட்ரம்முக்குச் சிவப்புப் பெயின்ட் அடிச்சதே உங்கப்பாதானே. ஒத்தைக் கையால, ஒரு நாள் பூரா உட்கார்ந்து. அந்தச் சூளை ரோடும் அவர் கண்டுபிடிப்புதான்.

– அது ராஜ தந்திரம் மச்சான். எவனாவது குறுக்கு வழி கேட்டா, "முனையில திரும்பி சூளை ரோட்டுல நேராப் போங்க." அவ்வளவுதான். எட்டு கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் உப்பளம், திருப்ப இடமே கிடையாது. கடைசியில இடிஞ்ச சுண்ணாம்புச் சூளை, பூட்டின கேட்டு. கேட்டைப் பார்த்துட்டு அப்படியே ரிவர்ஸ்ல வரட்டும்.

– "கேக்கறவன் கண்ணைப் பார்க்காதே, பார்த்தா உண்மை வந்துடும்"னு எனக்குப் பாடம் நடத்தினார் ஒரு நாள். "வாசலைப் பார்த்துக்கிட்டே சொல்லு"ன்னார். தெரு பூரா இப்ப வாசலைப் பார்த்துக்கிட்டுத்தான் வழி சொல்லுது... அட, இது என்ன கூத்து?

– என்ன?

– நீ திரும்பாத, நான் சொல்றேன். தண்ணித் தொட்டி பக்கத்துல ஒரு வெள்ளைக் கார். நடுரோட்டுல நிறுத்திட்டு, நாலு கதவையும் திறந்து போட்டுட்டு இறங்கிட்டானுங்க. பின்னாடி அம்பது வண்டி நிக்குது.

– எதுக்காம்?

– கும்பலா இருக்கு, தெரியல. குனிஞ்சு என்னமோ பண்றாங்க.

– போட்டோதான். ரோட்டோரத்துல ஆட்டுக்குட்டி நின்னிருக்கும். இவன் பொண்டாட்டி அதைக் கட்டிப் பிடிச்சிருப்பா. இவன் படுத்துக்கிட்டு எடுத்திருப்பான். அடிங்கடா ஹாரனை, நல்லா அடிங்க! நாளைக்கே இந்த ரோட்டுல ஆணி கொட்டலாமா மச்சான்?

– கொட்டினா உன் லாரிதான் முதல்ல படுக்கும். இடது பக்கம் திரும்பு... ஒருத்தன் ஓடி வர்றான்.

– எவன்?

– அந்தக் கார்க்காரன்தான். தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வர்றான். நம்ம கடைக்குத்தான் வர்றான் போல.

– வரட்டும். வாசலைப் பார்த்துக்கோ.

– சார்... சார், ஒரு நிமிஷம். ஆஸ்பத்திரிக்கு எப்படிங்க போகணும்?

– நீ கத்தியை நிறுத்தாத மச்சான்... நேராத்தான். எல்லாரும் போறாங்களே, அந்த வழிதான்.

– அது நகரவே மாட்டேங்குதுங்க. மேப்பும் இந்த ரோட்டைத்தான் காட்டுது. ஆம்புலன்ஸுக்கு அடிச்சா, வந்து சேர ஒரு மணி நேரமாகும்கறாங்க. வேற வழி இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க. ரொம்ப அவசரம்.

– சீசன்ல எல்லாருக்கும் அவசரம்தான்.

– விளையாட்டு இல்லீங்க. வண்டியில ஒரு பெரியவர். பேச்சே வரல.

– போன வாரம் ஒருத்தன் வந்தான். பின் சீட்டுல அவன் சம்சாரம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஐயோ அம்மான்னா. நிறைமாசம்னான். நான்தான் ட்ரம்மை உருட்டி விட்டேன். சாயங்காலம் பார்த்தா அதே அம்மா கடற்கரையில ஓடி ஓடிப் பட்டம் விடுது.

– நான் அப்படிப்பட்ட ஆள் இல்லீங்க. அந்தப் பெரியவர் யாருன்னே எனக்கு...

– எங்களுக்கும் தெரியாது. நீங்க வழி கேட்டீங்க.

– ஆமாங்க, ஆனா நான் என்ன சொல்ல வர்றேன்னா...

– சொல்ல வந்ததைத்தான் சொல்லிட்டீங்களே. ஆஸ்பத்திரி. இந்தச் சீசன்ல வர்ற முக்கால்வாசிப் பேருக்கு ஆஸ்பத்திரிதான்.

– மாப்ள, நான் வேணா ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடட்டா?

– பாதி மூஞ்சி நுரையோட என்னை விட்டுட்டா? அன்னிக்குப் பதினேழு கார்ல எவன் வந்து பார்த்தான்?

– சார், பக்கத்துல ஒரு சந்து இருக்கே, சிவப்பு ட்ரம் வச்சு... அது எங்க போகுது?

– அது எங்கயும் போகாது. ஐஸ் பேக்டரி சுவத்துல போய் முட்டும்.

– அப்ப வேற வழி?

– இருக்கு. உங்க வண்டிக்கு முன்னால ஒரு முனை வருதில்ல? அதுல திரும்பி, சூளை ரோட்டுல நேராப் போங்க. எங்கயும் திரும்பாதீங்க. ரோடு வெறிச்சுன்னு இருக்கேன்னு சந்தேகப்படாதீங்க, யார் என்ன சொன்னாலும் கேக்காதீங்க. போய்க்கிட்டே இருந்தா ஆஸ்பத்திரி வரும்.

– ரொம்ப நன்றிங்க. ரொம்ப நன்றி. உள்ளூர்க்காரங்க நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.

– போயிட்டானா?

– ஓடறான். நீ எதுக்குக் கண்ணை மூடிக்கிட்டே?

– நுரை பட்டுடுச்சு.

– நுரை தாடையில இருக்கு மாப்ள.

– கண்ணாடியில என்னையே பார்த்துக்கிட்டு நின்னான். போதுமா? வலது பக்கம் பண்ணு.

– ஒருவேளை நெசமா இருந்தா?

– நெசமா இருந்தா இருக்கட்டும். என் அப்பா நாப்பது நிமிஷம் கிடந்தார் இல்ல? அந்த நாப்பது நிமிஷம் எப்படி இருக்கும்னு அவனும் ஒரு தடவை தெரிஞ்சுக்கட்டும். பாவம் பார்த்துப் பார்த்துத்தான் இந்த ஊரு இப்படி ஆச்சு. திரும்பினானா?

– திரும்பறான். முனையில திரும்பிட்டான். பின் கண்ணாடியில ஒரு கை தெரியுது. நம்ம கடைப் பக்கமாக் காட்டி ஆடுது.

– டாட்டாவா? கொழுப்பைப் பாரு. நீயும் காட்டு.

– காட்டினேன்.

– நல்லது. கேட்டைப் பார்த்ததும் டாட்டா எல்லாம் மறந்துடும்.

– முடிஞ்சுது. துடைச்சுக்கோ. உங்கப்பா வர்ற வரைக்கும் உன் தலையையும் பார்த்துடறேன், காடாக் கிடக்கு. போர்வைக்குள்ள கையை விடு.

– காதுக்கு மேல ஒட்ட வெட்டு. தண்ணி லாரியில உட்கார்ந்தா வேர்த்துக் கொட்டுது... இப்ப ரோட்டுல சத்தமே இல்லையே?

– அந்த வெள்ளைக் கார் நகர்ந்தப்புறம் அடைப்பு விட்டுடுச்சு. எல்லாம் ஓடுது. கொஞ்சம் பொறுத்திருந்தா அவன் இந்த ரோட்டுலயே போய்ச் சேர்ந்திருப்பான்.

– அது அவன் தலையெழுத்து. அப்பா ஏன் இன்னும் வரல?

– ரோடும் விட்டாச்சு. இனிமே தாண்ட என்ன கஷ்டம்? நீ மூஞ்சி துடைக்கறப்ப வீட்டுக்கு அடிச்சுக் கேட்டேன். உங்கக்கா பதினொண்ணு இருபதுக்கே கிளம்பிட்டார்ங்கறா. குடையை வச்சுட்டுப் போயிட்டாராம்.

– பதினொண்ணு இருபதா? அங்கேருந்து தண்ணித் தொட்டி வர பத்து நிமிஷம். தொட்டியிலேருந்து இங்க வர...

– கூட வேலை பார்த்தவங்க யாராவது பிடிச்சு வச்சிருப்பாங்க. பஸ் டிப்போ பழைய கதை பேசிக்கிட்டு இருப்பார்.

– பேசறதுக்கு நிக்க மாட்டார். வாய் குழறுதுன்னு வெட்கம் அவருக்கு. இன்னொரு தடவை அடி மச்சான்.

– மூணு தடவை அடிச்சாச்சு.

– நாலாவது தடவை அடியேன். என் போன்லேருந்தே அடி. கை உள்ள மாட்டிக்கிச்சு, நீயே ஸ்பீக்கர்ல போடு.

– மணி போகுது... போகுது... எடுத்துட்டார்!

– அப்பா! எங்கப்பா இருக்கீங்க? ஒரு போன் எடுக்க இவ்வளவு நேரமா? ரோட்டைத் தாண்ட முடியலன்னா அங்கயே நில்லுங்க, நான் வந்து கூட்டிட்டு வர்றேன்.

– ஹலோ... ஹலோ, யாருங்க பேசறது? நான் அவர் இல்லீங்க. இந்தப் போன் அவரோடது. சீட்டுக்கு அடியில விழுந்து அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு, இப்பதான் கைக்குக் கிடைச்சுது. நீங்க அவருக்கு என்ன வேணும்?

– மகன்... நீங்க யாரு? அவர் எங்க?

– தண்ணித் தொட்டிகிட்ட விழுந்து கிடந்தார் சார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. எல்லாரும் ஹாரன்தான் அடிச்சாங்களே தவிர ஒருத்தரும் இறங்கல. நாங்கதான் தூக்கி வண்டியில போட்டோம்.

– மாப்ள... மாப்ள, உட்காரு. கத்திரி கையில இருக்கு, எழுந்திருக்காத.

– இப்ப எங்க இருக்கீங்க? சொல்லுங்க, எங்க இருக்கீங்க?

– அதான் தெரியல சார். முடிவெட்டற கடையில ஒருத்தர்கிட்ட வழி கேட்டேன், மூஞ்சியில நுரையோட நாற்காலியில உட்கார்ந்திருந்தார். அவர் சொன்ன மாதிரி எங்கயும் திரும்பாம நேரா வந்தேன். இங்க ஒரு கேட்டு பூட்டியிருக்கு, சுத்திலும் உப்பு.

– திருப்புங்க! வண்டியைத் திருப்புங்க, ரிவர்ஸ்லயாவது வாங்க...

– நான் போய் ட்ரம்மை எடுக்கறேன் மாப்ள. ரெண்டையும் எடுத்துடறேன்.

– உங்கப்பா முனையில திரும்பினதுலேருந்தே வலது கையைத் தூக்கிப் பின்னாடி பின்னாடி காட்டிக்கிட்டே வந்தார் சார். புத்தி கலங்கிப் பண்றார்னு நினைச்சு என் சம்சாரம் அந்தக் கையைப் பிடிச்சு மடியில வச்சுக்கிட்டா. இப்ப அவ விட்டுட்டா, ஆனா அவர் காட்ட மாட்டேங்கறார்... நீங்களாவது சொல்லுங்க சார், எந்தப் பக்கம் போகணும்?