ரொட்டிக்காரர் வீட்டு மறைவறை

— தாங்கள் காணும் இந்த மாவு அலமாரிதான் கதவு. கீழ்த்தட்டைப் பிடித்து இழுத்தால் முழு அலமாரியும் திறக்கும். போர்க்காலத்தில் சிப்பாய்கள் தேடிய ஐந்து பேரை, இதன் பின்னே நாற்பத்து மூன்று நாட்கள் ரொட்டிக்காரர் மறைத்து வைத்திருந்தார்.

— அருமை ஐயா, அருமை! அதாவது, நான் எங்க சபையோட செயலாளர். வர்ற ஞாயிற்றுக்கிழமை என் பிரசங்கமே இந்த வீட்டைப் பத்தித்தான். உள்ள போய் நின்னு அனுபவிச்சாத்தான் வார்த்தையில உயிர் இருக்கும்.

— போங்கங்க. வயித்தை மட்டும் கொஞ்சம் வெளியில வச்சிட்டுப் போங்க.

— பாத்தீங்களா ஐயா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து இப்படித்தான். இவளுக்கு ஆவிக்குரிய விஷயம்னாலே விளையாட்டு.

— ஐயா, தலையைக் குனிந்து நுழைய வேண்டும். உட்புறக் கொக்கி பழுதாகிவிட்டபடியால் வெளியிலிருந்துதான் திறக்க இயலும். அம்மா, தாங்கள் அலமாரியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

— அப்படியா சேதி? இருபது வருஷமா இவரு வாயை மூட வழி தேடினேன் அண்ணே. ஒரு பலகை போதும்னு யாருமே சொல்லலையே.

— சாத்து, சாத்து! ஆஹா... இருட்டு. எத்தகைய இருட்டு! கேக்குதா? என் உள்ளம் உருகுது.

— கேக்குது. தரையில வழியாமப் பாத்துக்கோங்க, மியூசியம்காரங்க திட்டுவாங்க.

— ஐவருக்கும் சேர்த்து ஒரே ஒரு போர்வைதான் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

— எங்க வீட்டுல ரெண்டு பேருக்கே ஒண்ணு பத்தலை அண்ணே. அதுல ஒருத்தர் குறட்டை வேற.

— அதாவது, முக்கியம் போர்வை இல்ல, விசுவாசம்! நீ யாரு, எங்கிருந்து வந்தன்னு ரொட்டிக்காரர் ஒரு கேள்வி கேட்டாரா? கேக்கலை! அந்தக் காலத்துல நான் இருந்திருந்தா, நானும் இதே மாதிரி கதவைத் திறந்திருப்பேன்.

— திறந்திருப்பீங்க. முதல்ல செயற்குழுவைக் கூட்டி, தீர்மானம் போட்டு, அஞ்சு பேர்கிட்டயும் போதகர் குடுத்த நற்சான்றிதழ் இருக்கான்னு பாத்துட்டு. அதுக்குள்ள சிப்பாய் வந்து டீ குடிச்சிட்டே போயிருப்பான்.

— இந்தக் கிண்டல் எதுக்குன்னு எனக்குத் தெரியும்.

— இருட்டுலதான் உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது.

— என் தங்கச்சி விஷயத்தை இங்க இழுக்காத.

— நான் எங்க இழுத்தேன்? போன வாரம் உதடு கிழிஞ்சு, இடுப்புல பிள்ளையோட நம்ம வாசல்ல வந்து நின்னாளே, அவளாத்தான் ஞாபகத்துல வந்து நிக்கிறா. பாவம், அவளுக்கு நிக்கிறதுக்கு வேற இடம் ஏது?

— அம்மா, ஒரு பார்வையாளருக்கு இரண்டு நிமிடம் என்பது இவ்வில்லத்தின் விதி.

— ஐயா! நீங்களாச்சும் கேளுங்க. அதாவது, புருஷனை விட்டு ஓடி வந்தவளை நான் வீட்டுல வச்சிக்கிட்டா, சபையில எவன் என் பேச்சை மதிப்பான்? பொறுமையா இரு, ஜெபம் பண்ணு, திரும்பிப் போன்னு நல்ல புத்திதான் சொல்லி அனுப்பினேன்.

— ஏன் அண்ணே, ரொட்டிக்காரர் இந்த அஞ்சு பேர்ல யாருக்காச்சும் சிப்பாய்கிட்டயே திரும்பிப் போ, உனக்காக ஜெபம் பண்றேன்னு புத்தி சொன்னாரா?

— ஆவணங்களில் அவ்வாறான குறிப்பு ஏதும் காணப்படவில்லை அம்மா.

— பாத்தீங்களா? தேடிப் பாத்தே இல்லையாம்.

— அது வேற, இது வேற! அது யுத்தம்!

— ஆமா, உங்க மச்சான் வீட்டுல நடக்குறது விருந்து.

— எனக்கு மூச்சு முட்டுது. கதவைத் திற.

— மூணு நிமிஷம்தான் ஆகுது. இன்னும் நாப்பத்து ரெண்டு நாளும் சொச்சமும் பாக்கி. அவளை வீட்டுக்குள்ள விடுறேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க.

— மாட்டேன்! என் வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்காது. சொன்னது சொன்னதுதான்.

— அம்மா, தயைகூர்ந்து கையை எடுங்கள். அடுத்த குழுவினர் படியேறி வருகின்றனர்.

— எடுத்துட்டேண்ணே, இதோ திறந்தாச்சு. வாங்கங்க, மெதுவா, தலை பத்திரம். முதுகெல்லாம் சுண்ணாம்பு, திரும்புங்க, தட்டி விடுறேன். நீங்க கதவையெல்லாம் திறக்க வேணாம். அன்னைக்கு நீங்க முன்வாசலைச் சாத்தினதுமே நான் பின்வாசலைத் திறந்துட்டேன். அவளும் பிள்ளையும் நம்ம மாடி ஸ்டோர் ரூம்லதான் இருக்காங்க. தினமும் ஹால்ல நின்னு சத்தமாப் பிரசங்கம் ஒத்திகை பாக்குறீங்கல்ல, அதை மட்டும் நிறுத்திடாதீங்க. அந்தச் சத்தத்துலதான் பிள்ளை அழுறது இதுவரைக்கும் யாருக்கும் கேக்கலை.