கடைசி அரைச் சுத்து

...அதான் சொல்றேன் தம்பி, ஒரு தபா ஏமாந்தா நம்ம நேரம். ரெண்டு தபாவும் ஏமாந்தா அதுக்கு இன்னா பேரு? பழசும் பூடுச்சு, புதுசும் பூடுச்சு. வந்து மூணு நாளு கூட ஆவல. ரிட்டன் எடுக்க வந்துகீறியே, தாராளமா எடுத்துகினு போ. அட்டப்பெட்டி கூட கிழியாம வச்சிருக்கேன். சீட்டுக் கம்பி பெட்டில இல்ல, சைக்கிள்லயே கீது. கழட்டித் தரேன், இரு. மொதல்ல உக்காரு, வெயில்ல வந்துகீற. கேட்டு தொறக்க கொஞ்சம் பேஜார் குடுத்துச்சா? குடுக்கும், குடுக்கும்.

கோளாறு இன்னான்னு ஒன் போன்ல போடணுமா? போட்டுக்கோ. சீட்டு எறங்கல. அவ்ளோதான்.

எறங்கணுமான்னு கேக்கறியா. சரியாப் போச்சு. இது மலையில ஓட்டற சைக்கிளு தம்பி. எம் மருமவ இவாஞ்சலினுது. ஸ்கூல்ல பி.டி. டீச்சரு. ஹேண்ட்பார்ல கட்டவெரல் கிட்ட ஒரு சின்னக் குச்சி கீது பாரு... அத அமுக்கிகினு உக்காந்தா சீட்டு கீழ எறங்கும். எழுந்துகினு மறுபடி அமுக்கினா தானா மேல வரும். சலூன் நாற்காலி மாதிரின்னு வச்சிக்கோயேன். மேடு ஏற சீட்டு ஒசரமா இருக்கணும். பள்ளத்துல எறங்கும்போது தாழ்ந்து இருக்கணும். இல்லன்னா பின்னால இருந்து நெட்டித் தள்ளி, ஆளத் தலைகுப்புற வீசிடும். அவ சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நான் யாருன்னு ஒனக்குத் தெரியாது. ஆரணில எந்த ஷெட்லயாவது போயி தாவீது மேஸ்திரின்னு கேளு. நாப்பத்திரெண்டு வருசம் பவர்லூம் ஃபிட்டரு. பவர்லூம் பாத்திருக்க இல்ல? பொழுதன்னிக்கும் டமடமன்னு ஆடிகினே கீற மிஷினு. காலையில போல்ட்ட முறுக்கிட்டு டீ குடிச்சிட்டு வந்தா, அது லூசாகி நம்மள பாத்து சிரிக்கும். அதனால எங்க தொழில்ல ஒரு சட்டம். இறுகினப்பறம், கடைசியா ஒரு அரைச் சுத்து. அந்த அரைச் சுத்து வைக்காதவன எவனும் ஷெட்டுக்குள்ள விடமாட்டான்.

ஜெகநாதன்னு ஒரு மொதலாளி. அவர் ஷெட்ல நான் முறுக்கி நிறுத்தன தறிய ஒரு நாள் வித்தாரு. வாங்கனவங்க நாலு பேரு ஸ்பானர்ல தொங்கினாங்க. ஒரு போல்ட்டு அசையணுமே. தறிய எடுக்க முடியாம கடைசில ஷெட்டையே வாங்கிகினாங்க. சிரிக்காத, பத்திரம் கூட கீது. எங்க கோயில் மணி ஆடுதுன்னு ஆயரு ஒரு தபா கூப்ட்டாரு. ஏறி முறுக்கினேன். அந்த ஈஸ்டருக்கு கயித்த இழுத்தா மணி ஆடல, கோபுரம் ஆடிச்சு. தெள்ளார்ல ஒரு ரைஸ் மில்லு... வேணாம் விடு, நீ நம்பமாட்ட.

எங்க விட்டேன்? ஆங், சீட்டு.

மூணு வாரத்துக்கு முன்னாடி சும்மா சைக்கிள தொடச்சிகினு இருந்தேன். சீட்டு மூக்கப் புடிச்சி ஆட்டினா, நெல்லளவு திரும்புது. தாவீது வீட்டுல ஒரு சாமான் ஆடலாமா? சீட்டுக்கு அடியில வர்ற கம்பிய ஒரு வளையம் கவ்விப் புடிச்சிகினு கீதே, அதுக்கு ஒரு அரைச் சுத்து வச்சேன். அவகிட்ட சொல்லல. நல்லது செஞ்சிட்டு டமாரம் அடிக்கற ஆளு நான் இல்ல.

பாரு, அதே வாரத்துலதான் கம்பெனிக்காரன் வேலைய காட்டினான். அவ சந்தவாசல் பக்கம் மலையில இருந்து எறங்கிகீறா. குச்சிய அமுக்கறா, சீட்டு எறங்கல. அமுக்கறா, எறங்கல. அதுக்குள்ள பள்ளம் வந்துடுச்சு. ஹேண்ட்பாருக்கு மேல பறந்து போயி விழுந்தா. முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் தோலே இல்ல தம்பி. கட்டுப் போட்டுகினு வந்து நின்னா, எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல.

எம் மவன் டேவிட்ராஜு ஓசூர்ல வேலையா கீறான். போன்லயே வைத்தியம் பாத்தான். கம்பிக்குள்ள காத்து போயிருக்கும்பா, புதுக் கம்பி அனுப்பறேன், கடையில குடுத்து மாட்டிக்கோங்கன்னான். கடையில குடுக்கறதா? நான் உயிரோட இருக்கும்போதா?

நானேதான் மாட்டினேன். இதுல ஒரு சூட்சுமம் கீது. அந்தக் குச்சில இருந்து ஒரு ஒயரு, சைக்கிள் குழாய்க்குள்ளயே நொழைஞ்சி சீட்டுக் கம்பிக்கு அடி வரைக்கும் போவுது. பழைய ஒயர உருவிட்டா, புதுச நொழைக்கறதுக்குள்ள தாவு தீந்துடும். வீடியோல ஒரு வெள்ளக்காரன் காந்தத்த வச்சிகினு மல்லாடறான். நம்ம ஊர்ல தறியில பாவு நூலு தீந்தா இன்னா பண்ணுவாங்க? பழைய இழ நுனியில புது இழய புணைச்சி இழுப்பாங்க. அதே வேலதான். ஒயரு நுனியில பட்டு நூல கட்டினேன், உருவினேன், நூலு உள்ள நின்னுச்சு. நூல்ல புது ஒயர கட்டி இழுத்தேன். ஜல்தியா முடிஞ்சிச்சு, வெத்தல போடற நேரம். அமுக்கிப் பாத்தேன். எறங்குச்சு. ஏறுச்சு. பூன முதுக வளைச்சி சோம்பல் முறிக்கற மாதிரி அவ்ளோ அழகா.

அப்பதான் அவ ஸ்கூல்ல இருந்து வந்தா. பெட்டில வந்த காகிதத்த படிச்சிட்டு, வளையத்துல ஒரு நம்பர் போட்டுகீறாங்க மாமா, அதுக்கு மேல முறுக்கக்கூடாதாம்னா. எங்கைக்கு ஏதும்மா நம்பருன்னேன். அவ மூஞ்சி கழுவ உள்ள போனா. நான் கடைசியா... வழக்கம் போல... ஒண்ணு வச்சேன்.

வந்து ஏறி உக்காந்து அமுக்கினா. எறங்கல.

கொஞ்ச நேரம் சீட்ட தடவிகினே நின்னா. அப்பறம் சொல்றா: "மாமா, ரெண்டாவது கம்பியும் இப்பிடின்னா, இனிமே எத நம்பி நான் பள்ளத்துல எறங்குவேன்? எறக்கத்த நெனச்சாலே கை பிரேக்க விடமாட்டேங்குது. போட்டிக்கு வரலன்னு சொல்லிடறேன்."

வர்ற சனிக்கெழம, படவேட்டு மலையில போட்டி. ஒரு வருசமா விடியக்காலம் அஞ்சு மணிக்கு எழுந்து ஓட்டினவ. பேர வாபஸ் வாங்கணும்னா இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள சொல்லணுமாம். ஸ்கூல் விட்டு வந்து போன் பண்ணப் போறா. எனக்கு கம்பெனிக்காரன் மேல கோவம் வருமா வராதா, நீயே சொல்லு.

தம்பி, இன்னா பண்ற? போல்ட்டு முறுக்கற சாவிய ஏன் எடுக்கற? அது எஞ்சாவி. நீ பெட்டி எடுக்க வந்த ஆளு, பெட்டிய எடு. இன்னாது? ஒன்கிட்டயும் இந்த மாதிரி சைக்கிளு ஒண்ணு கீதா? இருக்கட்டும், அதுக்காக வளையத்த லூசு பண்ணுவியா? ஆடும்பா. சொன்னா கேளு... சரி, ஒரு அரைச் சுத்து. அதுக்கு மேல தொடாத.

ம். அமுக்கு.

...

எறங்கிடுச்சு.

இன்னொரு தபா அமுக்கு. ஏறுது. இல்ல இரு, இப்ப ஆடும் பாரு. மூக்கப் புடிச்சி ஆட்டு. நல்லா ஆட்டு... ஆடல.

அப்பிடியா சங்கதி? வளையத்த இறுக்கினா உள்ள கீற குழாய நெரிக்குமா? நெரிக்கும்தான். கழுத்தப் புடிச்சா சோறு எறங்குமா.

அப்போ... பழசு? அதோ கட்டிலுக்கு அடியில கெடக்குது, நான் திரும்பிக்கூட பாக்கல. எடு. அடியில ஒரு மொளை கீது பாரு, அத அமுக்கிகினு, கம்பிய தலைகீழா தரையில ஊனி அழுத்து. ம். உள்ள போவுது. அழுத்தறத விட்டுட்டு மொளைய மட்டும் அமுக்கு... வெளிய வருது.

நல்லா கீது. ரெண்டும் நல்லா கீது.

கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கறேன் தம்பி.

...ஒரு ஒதவி பண்றியா? அவ வந்ததும் நீ சொல்லிடு. கம்பெனில ஏதோ தப்பா மாட்டிட்டாங்க, நான் சரி பண்ணிட்டேன்னு. நீ யாரோ, அவ யாரோ. ஒனக்கு இன்னா நஷ்டம்? ஏன் தலைய ஆட்டற?

வேணாம்தான். நீ ஆட்டறது சரி. கம்பெனி தப்புன்னா, அது நாளைக்கும் தப்பு பண்ணும்னு அவ நெனைப்பா. பள்ளத்துல பிரேக்க விடமாட்டா. எந் தப்புன்னா? என்ன கட்டிப் போட்டா போதும்.

அதோ, அவ ஸ்கூட்டி சத்தம். ரிட்டன் வேணாம்னு போன்ல அடிச்சிடு. காரணம் கேக்குதா அந்த போனு? மேஸ்திரின்னு போடு. வெறுங்கையா போகாத, இந்த சாவிய எடுத்துகினு போ. நெசமாத்தான் சொல்றேன், பையில போடு. சனிக்கெழம சாயந்திரம் கொண்ணாந்து குடு. அதுவரைக்கும் இது இங்க இருந்தா, நடு ராத்திரில எழுந்து போயி இன்னொரு அரைச் சுத்து வச்சிடுவேன். எங்கைய எனக்குத் தெரியும்.

கேட்ட நீ உள்ள இருந்து இழு தம்பி, அவ வெளிய இருந்து தள்ளட்டும். இன்னும் கொஞ்சம். ஆமா, அதுவும் நான் முறுக்கனதுதான்.

வாம்மா. போன் அப்பறம் பண்ணிக்கலாம். பைய வச்சிட்டு மொதல்ல இதுல ஏறி உக்காரு. சொல்றேன், ஏறு. குச்சிய அமுக்கு.

எறங்கிச்சா? பழசும் எறங்கும்மா, இப்பதான் பாத்தோம். சந்தவாசல்ல அது எறங்காதது கம்பி தப்பு இல்ல. ஒந் தப்பும் இல்ல. அதுக்கு மொதல் நாளு நான் ஒரு அரைச் சுத்து வச்சேன்.

மொறைக்கறத அப்பறம் மொறைச்சிக்கோ. இப்ப எழுந்துகினு மறுபடி அமுக்கு. தானா வரும்.