ஒரு சிட்டிகை சொன்ன பொய்

நாலு ஊர்க் கோழிப்பண்ணைக்காரர்களையும் ஒரே பந்தலில் உட்காரவைத்த அவைத்தலைவர் மணியன் அவர்களே, சேந்தமங்கலத்துப் பெருமக்களே, முன்வரிசையை எனக்கு முன்பே பிடித்துவிட்ட தாய்மார்களே! சேலத்தில் அவசரச் சிகிச்சை பார்க்கும் மருத்துவர் அஸ்பியாவின் அன்பு வணக்கம்.

பொட்டலத்தில் வருகிறது ஒரு புதுப் போதை! பார்த்தால் பச்சிலை, பற்றவைத்தால் படுகுழி! என்ன ஐயா, கஞ்சாதானே என்கிறீர்களா? இல்லை! நம் மூளையில் ஒரு கதவு இருக்கிறது. கஞ்சா அதைப் பாதி திறக்கும். இந்தச் செயற்கைச் சரக்கோ முழுக்கத் திறந்து, மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும்! கஞ்சா நல்லது என்று டாக்டரம்மா சொன்னதாகப் போய்ச் சொல்லிவிடாதீர்கள்! இலை வெறும் சருகு. அதன்மேல் தெளித்த ரசாயனமே எமன்.

இதோ, இங்கே அமர்ந்திருக்கிறார் சௌந்திரம் அம்மாள். தன் கதையை மேடையில் சொல்லச் சொன்னவரும் அவரே. அவர் மகன் இளஞ்செழியன் கோழித்தீவன ஆலையில் கலவை பார்ப்பவர். மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்தால், முழு மூட்டையின் தரத்தையும் சொல்லிவிடுவார். நண்பர் கொடுத்த பொட்டலத்தையும் அப்படியே சோதித்தார்! ஒரு சிட்டிகை புகைத்தார், ஒன்றும் ஆகவில்லை. சரக்கு லேசு என்று முடிவுகட்டினார். மறு சிட்டிகையில் வலிப்பு வந்து விழுந்தார்.

ஏன் விழுந்தார்? உங்கள் ஆலையில் தீவனத்தோடு மருந்தைச் சீராகக் கலக்க இயந்திரம் சுழல்கிறது. நஞ்சைத் தெளிக்கும் களவாணிக்கு அந்தக் கவலை உண்டா? ஓர் இலையில் ஒன்றுமில்லை, அடுத்த இலையில் உயிர் போகும் அளவு!

எங்கள் மருத்துவமனைக்குத் தூக்கிவந்தார்கள். சிறுநீரைச் சோதித்தோம். போதை இல்லை என்றது முடிவு. அது கஞ்சாவைத் தேடும் சோதனை, இந்தப் புதுச் சரக்கு அதற்குத் தெரியாது. அவர் தங்கையின் கல்யாணம் நெருங்கியதால், வாயைத் திறக்காதே என்று உறவினர்கள் சௌந்திரம் அம்மாளுக்குக் கண்ணைக் காட்டினார்கள். இளஞ்செழியனோ மூச்சுக்குத் திணறுகிறார். அந்தத் தாய் என் கையைப் பிடித்தார்.

“டாக்டரம்மா, எம்பையன் என்னமோ எலையப் பொகைச்சானுங்க. பொட்டலம் இந்தா இருக்குதுங்க. கண்ணாலம் நின்னா நிக்கட்டும், இவன் பொழைக்கோணுமுங்க.”

மாற்றுமருந்தே இல்லாத நஞ்சு அது. ஆனாலும் எதிரி யாரென்று தெரிந்துவிட்டதே! வேறு நோயைத் தேடி அலையாமல் வலிப்பை அடக்கினோம், உடல் சூட்டைத் தணித்தோம், மூச்சுக்குக் குழாய் வைத்தோம், இதயத்தை விடாமல் கவனித்தோம். பிழைத்தார்!

கல்யாணம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? நின்றது, ஐயா. மாப்பிள்ளை வீட்டார் விலகிவிட்டார்கள். அந்தச் செய்தி வந்தபோது இந்தத் தாய் மகனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். கரண்டி நிற்கவில்லை!

பெற்றவர்களே, மறைக்காதீர்கள்! மானத்தைச் சற்றே காத்திருக்கச் சொல்லுங்கள், மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்! செவிகொடுத்த அனைவருக்கும் நன்றி. என் நிறைவு வணக்கம் சௌந்திரம் அம்மாளுக்கு.