விதோர் நீட்டிய கை

விடியற்காலை ஐந்து மணி. திஸா ஆற்றங்கரைச் சாலை. ஈ காக்கை இல்லை... பனி மட்டும்.

சிரிக்காதே காஸ்பர். இது என் நண்பன் ஓடனுடைய பெரியப்பா பெர்தலானுக்கு நடந்தது. அவர் வாயாலேயே சொல்லக் கேட்டதாக ஓடன் சத்தியம் செய்கிறான்.

பெர்தலானின் தங்கை கணவன் விதோர். சீட்டாட்டத்தில் வார்த்தை தடித்து, கேப்டன் ரத்வானியை வாள்சண்டைக்கு அழைத்துவிட்டான். முதல் ரத்தம் வரும்வரை நிறுத்தக் கூடாது என்று பேச்சு. விதோருக்குத் துணையாள் பெர்தலான். சண்டைக்காரன் வராவிட்டால் துணையாள்தான் வாளெடுக்க வேண்டும், அதுதான் கனவான்களின் வழக்கம். இவரோ பன்றித்தொடை அறுப்பதற்குத் தவிர கத்தியைத் தொட்டதில்லை. வீட்டில் மனைவி வேறு நிறைமாதம்.

விதோரைக் காணவில்லை.

"என்ன பெர்தலான், உங்க மாப்பிள்ளை இன்னும் போர்வைக்குள்ளதானா? அப்ப நீங்களே வாங்க" என்றார் கேப்டன். அவருக்குத் துணையாக வந்த வைத்தியர் சிரித்தார்.

பெர்தலான் சாலையைப் பார்த்து முணுமுணுத்தார். "எந்தக் கோலத்துலயாவது வந்து சேருடா..."

சளக்... சளக்... பூட்ஸுக்குள் தண்ணீர்ச் சத்தம். விதோர் வந்தான், தொப்பலாக நனைந்து. ஆற்றுச் சேற்று வாடை.

சட்டைக்குள் தடுப்பு ஏதாவது கட்டியிருக்கிறானா என்று வைத்தியர் வழக்கம்போல் அவன் மார்பைத் தடவிப் பார்த்தார். கை அங்கேயே நின்றது... பிறகு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

சண்டை ஆரம்பித்தது. கேப்டனின் வாள் விதோரின் தோளில் இறங்கியது. ரத்தம் இல்லை. அடுத்து விலாவில்... தண்ணீர்தான் ஒழுகியது.

"நிறுத்தச் சொல்லுங்க பெர்தலான்!" கேப்டனின் குரல் உடைந்துவிட்டது.

நிறுத்தினால் அடுத்து தன் முறை வந்துவிடுமோ என்ற பயத்தில் பெர்தலான் வாயைத் திறக்கவில்லை. பாவம் செய்துவிட்டேன் என்று சாகும்வரை அழுதாராம்.

கடைசியில் கேப்டன் தன் வாளாலேயே தன் முன்கையைக் கீறிக்கொண்டார். சிவப்பாகச் சொட்டியது.

"ரத்தம்! போதும், போதும்!" என்று கத்தினார் பெர்தலான்.

விதோர் வாளைத் தாழ்த்தினான். சண்டை முடிந்தால் கைகுலுக்க வேண்டுமே... கையை நீட்டினான். நீட்டிய கையை மறுப்பது கனவானுக்கு அழகில்லை. கேப்டன் பிடித்தார்.

விதோர் விடவில்லை. அப்படியே ஆற்றுப் பக்கம் நடந்தான்.

"விடச் சொல்லுங்கய்யா... பெர்தலான்... சில்லுனு இருக்குய்யா..."

பனிக்குள் குரல் தேய்ந்தது. சளக்... சளக்... அப்புறம் சத்தமே இல்லை.

மதியம், பாலத்தடியில் ஆற்றுக்குள் கவிழ்ந்து கிடந்த விதோரின் குதிரைவண்டியை மேலே தூக்கினார்கள். உள்ளே இரண்டு உடல்கள், கை கோத்தபடி. ஊறிப்போயிருந்தன. விரல்களைப் பிரிக்க முடியவில்லை. அதே வைத்தியர்தான் சோதித்துப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் நேத்து ராத்திரியே போயிட்டாங்க" என்றார், பெர்தலானின் முகத்தைப் பார்க்காமல்.

பெர்தலான் குனிந்து கேப்டனின் சட்டைக் கையை மேலே ஏற்றினார். முன்கையில் அந்தக் கீறல் இருந்தது... ரத்தம் இன்னும் சூடாகக் கசிந்துகொண்டிருந்தது.